“போர் போய்விட்டது” என்று மெக்கானிக் சொல்கிறார், நம்பலாமா?

கேள்வி: என் அப்பா 2008-இல் வாங்கிய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக் எங்களிடம் இருக்கிறது. அவருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனதால் எட்டு மாதங்களாக வண்டியை யாரும் எடுக்கவில்லை. இப்போது சோக்கை இழுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து முறை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை விட்டவுடன் நின்றுவிடுகிறது. பாதி சோக்கிலேயே ஓட்டி வருகிறேன், ஆனாலும் ஆக்சிலேட்டரைத் திருகும்போது திணறுகிறது. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 38 தான் கொடுக்கிறது. ஒரு மெக்கானிக் பிளக்கையும் சிடிஐயையும் (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் மின்பெட்டி) மாற்றினார், பயனில்லை. இன்னொருவர் போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்து போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், 9,500 ரூபாய் ஆகும் என்கிறார். புகை எதுவும் வரவில்லை. செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் மெக்கானிக்குகள் இருவரும் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது: சோக் இருக்கும் வரை ஓடும் வண்டி, சோக்கை விட்டால் நின்றுவிடுகிறது. சோக் என்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிற அமைப்பு. அது இருந்தால்தான் இன்ஜின் உயிரோடிருக்கிறது என்றால், சாதாரண நிலையில் அதற்குப் போதிய பெட்ரோல் கிடைக்கவில்லை, அல்லது வேண்டாத இடத்தில் காற்று புகுகிறது என்று பொருள். தீப்பொறியில் கோளாறு இருந்தால் சோக் அதைத் தீர்க்காது என்பதால், சிடிஐ மாற்றியதில் பயனில்லாமல் போனதும் வியப்பில்லை. அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து சிடிஐயைக் கழற்றி ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்திருந்தால், அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருந்திருக்கும்.

எட்டு மாதம் நின்றதுதான் என் முதல் சந்தேகம். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிஞ்சுவது பிசின் போல் கார்பரேட்டரின் சிறு துளைகளில் படிகிறது. முதலில் அடைபடுவது, இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட். அதன் துளை தலைமுடி அளவுதான் என்பதால் சிறு படிவே போதும். இப்போது நாம் போடும் பெட்ரோலில் எத்தனாலும் இருக்கிறது. 2022-இல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது, 2023 முதல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். 2008-இல் செய்த வண்டியின் ரப்பர் ஓரிங், ஃப்ளோட் சேம்பர் (கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) கேஸ்கட், பெட்ரோல் டியூப் ஆகியவை 20 சதவீதத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதியோ விறைத்தோ போயிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மைலேஜ் குறைந்ததற்கு எத்தனாலைக் காரணம் சொல்லும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதில் ஐயமில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஆறு ஏழு சதவீதம்தான் குறைய வேண்டும். உங்களுக்கோ 60 கிலோமீட்டர் 38 ஆகியிருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாதி சோக்கில் ஓட்டினால் பெட்ரோல் வீணாகத்தான் செய்யும். மூலக் கோளாறு தீர்ந்தபின் டேங்கை நிரப்பி, நூறு கிலோமீட்டராவது ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் டயர் காற்று, பிரேக் உரசல், செயின் இறுக்கம், கிளட்ச் நழுவல் ஆகியவற்றைப் பார்க்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வீட்டுக்குள்ளோ அடுப்புக்கு அருகிலோ இதைச் செய்யாதீர்கள். ஃப்ளோட் சேம்பரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, வடிவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் திரவம் நின்றால் அது தண்ணீர், பழுப்புத் துகள் தெரிந்தால் டேங்கில் துரு. துரு இருக்கும் டேங்கை வைத்துக்கொண்டு கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பத்து நாளில் பழைய கதைதான். பிறகு பெட்ரோல் டியூபைக் கழற்றி, வரத்து சீராக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் நன்றாக வந்து சிறிது நேரத்தில் மெலிந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி வேகம் பிடித்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அரை மணி ஓடி நின்றுபோய், சற்று நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பலவற்றின் நோய் இந்த ஊசி முனைத் துளைதான். அதைக் குத்தி எடுக்கக் காசு எதுவும் ஆகாது.

அடுத்தது பிளக். வண்டியைச் சோக் இல்லாமல் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு ஓட்டி, நிறுத்தி, ஆறியபின் கழற்றிப் பாருங்கள். நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையாக இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. உங்கள் வண்டியில் பாதி சோக்கில் ஓட்டியதன் கரி சற்று இருக்கக்கூடும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். கூடவே கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பை விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயதான ரப்பரில் வெடிப்பு, சும்மா பார்த்தால் தெரியாது, வளைத்தால் வாய் திறக்கும். அதன் வழியே காற்று புகுந்தாலும் உங்கள் வண்டி காட்டும் அறிகுறிகள் அப்படியே வரும்.

இவை சரியாக இருந்தால் கார்பரேட்டரைக் கழற்ற வேண்டும். “கார்பரேட்டர் சர்வீஸ்” என்ற பெயரில் பல பட்டறைகளில் நடப்பது, வெளிப்புறத்தைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டுவதுதான். நீங்கள் அருகில் நின்று, பைலட் ஜெட்டும், வேகமாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டும் தனித்தனியே கழற்றப்பட்டு, கிளீனர் அடித்து, காற்றழுத்தத்தால் ஊதப்படுகின்றனவா என்று பாருங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியை விட்டுக் குத்த விடாதீர்கள். துளை பெரிதானால் ஜெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். கலவையின் காற்றளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், முழுவதும் உள்ளே முடுக்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது ஊகிக்க வேண்டிய தேவை இருக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, நான்குக்கும் பணம் கொடுத்திருப்பீர்கள்.

இனி “போர் போய்விட்டது” என்ற தீர்ப்புக்கு வருவோம். போரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்த இன்ஜின் பெரும்பாலும் ஆயிலைக் குடிக்கும், ஆக்சிலேட்டரைத் திருகும்போது நீலப் புகை தள்ளும், கிக்கர் லேசாகக் கீழே போகும். புகையே இல்லை என்கிறீர்கள். ஆகவே, சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து காட்டும்படி கேளுங்கள். பிளக் துளையில் கேஜைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்துப் பல முறை உதைக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மூடியே அளந்தால் நல்ல இன்ஜினும் மோசமாகத் தெரியும். அளவு குறைவாக வந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது அளவு நன்றாக ஏறினால், ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, அதாவது போர் வேலை தேவைதான். ஏறவில்லை என்றால் கசிவு பெரும்பாலும் வால்வில். அப்போது முதலில் பார்க்க வேண்டியது டாப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பகுதி) இடைவெளியை. இறுக்கமான டாப்பெட்டால் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் போய்விடும், அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமில்லை. இன்ஜின் ஆறிய நிலையில், கையேட்டிலுள்ள அளவுக்கு, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) கொண்டு வைக்க வேண்டும். இந்த இரண்டு அளவுகளையும் காட்ட மறுக்கும் மெக்கானிக்கிடம் 9,500 ரூபாய் கொடுப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

பெரிய செலவு உண்மையில் தேவைப்பட்டால் மட்டும் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். 2008 வண்டிக்கு அது 2023-இலேயே முடிந்திருக்கும், புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும். புதுப்பிக்காத வண்டிக்கு இன்ஜின் வேலை செய்வது, பட்டா இல்லாத நிலத்தில் மாடி எழுப்புவது போன்றது. புதுப்பிக்கும் செலவையும் பழுதுச் செலவையும் கூட்டி, அதே மாடலுக்கு உங்கள் ஊரில் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டபின் விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கார்பரேட்டரையே மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். கம்பெனிப் பொருளுக்கும் லோக்கல் பொருளுக்கும் விலையில் பெரும் வித்தியாசம் இருக்கிறது. எதை வாங்குவது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சுத்தம் செய்து, ஓரிங்கும் கேஸ்கட்டும் மாற்றியும் சரியாகவில்லை என்றால்தான் புதியது. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு பக்கவாட்டில் ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுவதில் நியாயமுண்டு. வாங்கினால் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கார்பரேட்டர்களில் ஜெட் அளவு வேறாக இருக்கும், போல்ட் துளை பொருந்துவதால் மட்டும் அது உங்கள் வண்டிக்கானது ஆகிவிடாது. ஜெட் அளவு தெரியாத மலிவுப் பொருளை மாட்டினால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகும். பொதியிடப்பட்ட உதிரிப்பாகத்தின் உறையில் அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. உறையில்லாமல், “கம்பெனிதான் சார்” என்று தாளில் சுற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

கேள்வி: நான் பைக்கில் பால் ஊற்றிப் பிழைப்பவன். மூன்று மாதம் முன்பு ஒரு பட்டறையில் 11,000 ரூபாய்க்குப் போர் வேலை செய்தேன். ஒரு மாதத்தில் மறுபடி நீலப் புகை. பிஸ்டனும் ரிங்கும் பழையதையே போட்டிருக்கிறார்கள் என்று வேறு மெக்கானிக் சொல்கிறார். பில் கேட்டபோதே கொடுக்கவில்லை. தொழிலுக்குப் பயன்படுத்தும் வண்டி என்பதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார்களே? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: போடலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவரை அதே சட்டம் அந்த விலக்கில் சேர்க்கவில்லை. பழுதுபார்ப்பு ஒரு சேவை, அதைக் குறைபாட்டோடு செய்தது புகாருக்குரியது. பழைய பாகத்தைப் புதியது என்று சொல்லிப் பொருத்தியதும், பில் தராததும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் வருகின்றன.

ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இரண்டாவது மெக்கானிக் வாயால் சொன்னது போதாது. இன்ஜினைத் திறந்தபோது எடுத்த படம், பிஸ்டனின் அளவும் நிலையும் குறித்து அவர் கையெழுத்திட்டுத் தரும் குறிப்பு, பணம் அனுப்பிய பதிவு, பட்டறைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கழற்றிய பாகங்களை அங்கேயே விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வண்டியை இன்னும் முழுவதும் சரிசெய்யவில்லை என்றால், முதலில் பழைய பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, இலவசமாகச் சரிசெய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பல இடங்களில் அந்த அழைப்பே பேச்சுவார்த்தைக்கு வழி திறக்கும். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போக வேண்டும். பால் ஊற்ற முடியாமல் போன நாட்களின் கணக்கை இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இழப்பீடு கேட்கும்போது ஆணையம் முதலில் கேட்பது அதைத்தான்.