ஊசியை நிறுத்திவிட்டால் சிறுநீரில் தெரியாதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பளுதூக்கும் போட்டிகளுக்குப் போகிறான். ஜிம்மில் யாரோ சொல்லி 'டெக்கா' ஊசி போட்டிருக்கிறான். ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட்டு நிறைய தண்ணீர் குடித்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது என்கிறான். உண்மையா டாக்டர்?

பதில்: இல்லை அம்மா. டெக்கா என்பது நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு. எண்ணெயில் கலந்து தசைக்குள் போடுவதால் அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தத்தில் சேரும். கல்லீரல் அதை 19-நார்ஆன்ட்ரோஸ்டிரோன் என்ற பொருளாக மாற்றி சிறுநீரில் அனுப்பும். ஆய்வகம் தேடுவது அதைத்தான். ஒரு மில்லிலிட்டரில் 2 நானோகிராமைத் தாண்டினாலே சந்தேகம் வந்துவிடும். கடைசி ஊசி போட்டுப் பல மாதங்கள் கழித்தும் தெரியும்.

தண்ணீர் குடிப்பதும் உதவாது. சிறுநீர் வாங்கும் இடத்திலேயே அடர்த்தியைப் பார்ப்பார்கள். நீர்த்துப்போயிருந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். அதுவும் அதிகாரியின் கண் முன்னால்தான். அப்புறம், மாதிரிகளைப் பத்திரப்படுத்தியும் வைக்கிறார்கள். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துப் புதிய முறையில் சோதித்தபோது பதக்கத்தை இழந்தவர்களில் பளுதூக்குபவர்கள் நிறைய.

"அப்படியானால் டெஸ்டோஸ்டிரோன் போடு, அது உடம்பிலேயே இருப்பதுதானே" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அதையும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொரு பொருளும் சிறுநீரில் வரும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சம அளவு. வெளியிலிருந்து ஊசி போட்டால் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் ஏறும். 4 மடங்கைத் தொட்டால் கூர்ந்து பார்ப்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே இந்த விகிதம் வேறாக இருக்கும் என்பதால் அதோடு முடிவு செய்வதில்லை. மருந்து டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களிலிருந்து வருவது; அதிலுள்ள கார்பனில் கனமான வகை சற்றுக் குறைவு. அதை அளந்தால் உடம்பில் சுரந்ததா, ஊசியில் வந்ததா என்று தெரிந்துவிடும். 2006 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதலில் வந்த ஃப்ளாய்ட் லாண்டிஸ் இப்படித்தான் பட்டத்தை இழந்தார்.

பரிசோதனையை விட எனக்குக் கவலை அவன் உடம்புதான். இந்த வயதில் வெளியிலிருந்து ஹார்மோன் போனால் விதைப்பை தன் வேலையை நிறுத்திவிடும். விந்தணு குறையும், மார்பு வீங்கலாம், நல்ல கொழுப்பு இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். ஊசியை நிறுத்திய சில வாரங்களில் கடுமையான சோர்வும் மனச்சோர்வும் வரலாம். அப்போது அவனைத் தனியாக விடாதீர்கள்.

திட்டாமல் பேசி, ஹார்மோன் சிறப்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஊசி மருந்தின் குப்பி இருந்தால் எடுத்துப்போங்கள்; இந்தச் சந்தையில் போலிகள் அதிகம். இந்தப் போட்டியில் அவன் இறங்க வேண்டாம்.