எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஏற்ற இறக்கம் எப்படி வரும்?

(பதில் சொல்பவர்: நீலகிரி மலைக் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, குன்னூரில் வசிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியை)

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, ஒரே குரலில் படிக்கிறான். வீட்டில் நாங்கள் பேசுவது படுக மொழி. அதனால்தான் இப்படியா? இனிமேல் வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்கிறார் உறவினர் ஒருவர்.
– ஒரு தாய், கோத்தகிரி அருகே

பதில்: முதலில் அந்த உறவினர் சொன்னதற்குப் பதில். வீட்டு மொழியை மாற்றவே மாற்றாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் படுகர் தெய்வமான ஹெத்தையம்மன் கதையைச் சொல்லும்போது எங்கே குரலைத் தாழ்த்துகிறார்கள், எங்கே நிறுத்திவிட்டு எல்லோர் முகத்தையும் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுத்தானே உங்கள் பையன் வளர்கிறான்? அந்தக் கதைக் குரல் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அச்சடித்த தமிழைப் பார்த்ததும் அது அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் தமிழே பேசும் தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளிலும் இப்படிப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் என் வகுப்பில் இருந்தார்கள்.

ஏன் அடங்குகிறது? அவன் கவனம் முழுக்க எழுத்திலேயே செலவாகிவிடுகிறது, பொருளை யோசிக்க மிச்சமில்லை. இந்த நிலையில் ‘உணர்ச்சியோடு படிடா’ என்று சொல்லிப் பயனில்லை. பொருள் புரிந்தால்தான் குரல் ஏறும், இறங்கும்.

நம் எழுத்திலும் சில சிரமங்கள் உண்டு. ஒரே ‘க’ கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. எழுத்துக் கூட்டும் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி, ‘அவர்கள்’ என்பதை ‘அவர்க்கள்’ என்று படிக்கும். இன்னொன்று, வரி முடிகிற இடத்தில் சொல்லை எந்தக் குறியும் இல்லாமல் உடைத்து அச்சடிக்கிறோம். ‘காத்துக்கொண்டி’ மேல் வரியில், ‘ருந்தாள்’ கீழ் வரியில். பிள்ளை அங்கே தடுமாறினால் அது பிள்ளையின் குற்றமா? அப்படி உடைந்த சொற்களை நீங்களே முன்கூட்டிப் பென்சிலால் வளைத்து இணைத்துவிடுங்கள்.

இனி, என்ன செய்வது? பாடப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் பள்ளிக்கே விட்டுவிடுங்கள். வீட்டுக்குச் சுலபமான கதைப் புத்தகம் வேண்டும். ஒரு பக்கத்தைப் படிக்கவிட்டுப் பாருங்கள். பத்துச் சொல்லுக்கு ஒரு சொல்லுக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். சரியான புத்தகம் கிடைத்ததும் ஏழெட்டு வரி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் படியுங்கள், அவன் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வரட்டும். அப்புறம் இருவரும் சேர்ந்து. கடைசியில் அவன் தனியாக. அதே ஏழெட்டு வரியை மறுநாளும் படிக்கலாம், அதற்கடுத்த நாளும் படிக்கலாம். ‘மனப்பாடம் ஆகிவிடுமே’ என்று பயப்பட வேண்டாம். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கும் இந்த முறையைப் பற்றி 1979இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் எழுதினார். பழகிய பகுதியில் வேகம் கூடுவதோடு, அடுத்து எடுக்கும் புதுப் பகுதியையும் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகப் படிக்கத் தொடங்குகிறார்கள் என்று அவர் கண்டார். என் வகுப்பறையிலும் அப்படித்தான் நடந்தது.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் கோடு போட்டுக் கொடுங்கள்:

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு / பாட்டி / கோத்தகிரி பஸ்ஸுக்காக / காத்துக்கொண்டிருந்தாள்.

தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ‘காத்துக்கொண்டிருந்தாள்’ வரும்வரை குரலைக் கீழே விடக் கூடாது. உங்கள் பையன் ஒவ்வொரு சொல்லிலும் குரலை இறக்கிவிடுகிறான் என்று நினைக்கிறேன். ‘ஒரே குரலில்’ என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான். கோடு பழகியதும் அழித்துவிடுங்கள்.

ஏற்ற இறக்கத்துக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. உங்கள் ஊருக்கு அது சரியாகப் பொருந்தும்.

காட்டெருமை வந்ததா?
காட்டெருமையா வந்தது?
காட்டெருமையே வந்துவிட்டது!

எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் யார், எப்போது சொல்லியிருப்பார்கள் என்று கேளுங்கள். பதிலைப் படுக மொழியில் சொல்லட்டுமே! தேயிலைக் காட்டுக்குள் சலசலப்புக் கேட்டுக் கேட்கிறவர் ஒருவர், நம்ப முடியாமல் கேட்கிறவர் ஒருவர், வாசலைத் திறந்ததும் கண்ணெதிரே பார்த்துவிட்டவர் ஒருவர். ஆளைப் பிடித்துவிட்டான் என்றால் குரல் தானாக வரும்.

நடுவில் திருத்தாதீர்கள். சொல் சிக்கினால் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். பல சமயம் அவனே சரிசெய்துகொள்வான். இல்லாவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போகலாம். தவறாகப் படித்தால் வாக்கியம் முடிந்த பிறகு, ‘இது பொருந்துதா?’ என்று கேட்டால் போதும். கைப்பேசியில் நேரம் வைத்து, ‘நிமிஷத்துக்கு எத்தனை சொல்’ என்று விரட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். கடகடவென்று படித்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை அதுதான் உண்டாக்குகிறது.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் வீட்டில் அழகாகப் படிப்பாள். பள்ளியில் காலை இறைவணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கச் சொன்னால் பயத்தில் மூச்சுவிடாமல் ஓடிவிடுகிறாள்.
– ஒரு தந்தை, பூம்பாறை (கொடைக்கானல் அருகே)

பதில்: படிக்கத் தெரிந்த பெண்தான், மூச்சுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். செய்தியை முதல் நாள் மாலையே வாங்கிவரச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களையும் எண்களையும் சொல்லாக எழுதிக்கொள்ளட்டும். 2,45,000 என்று இருந்தால் கூட்டத்தின் நடுவில் யாருக்கும் நாக்கு குழறும். ‘இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்’ என்று எழுதியிருந்தால் குழறாது. மூச்சு வாங்கும் இடங்களில் புள்ளி வைக்கட்டும். கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலையில் செய்தி வரும்போது அருகில் உட்கார்ந்து, எங்கே நிறுத்துகிறார்கள் என்று மட்டும் இருவரும் கவனியுங்கள். அந்த அறிவிப்பாளரைப் போலவே பேச வேண்டியதில்லை, நிறுத்தம் பிடிபட்டால் சரி. பூம்பாறைக் குளிரில் காலையில் வாய் இறுகிப்போயிருக்கும். கிளம்பும் முன் வெந்நீர் குடித்துவிட்டு, முதல் செய்தியை ஒருமுறை உங்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் முற்றத்தின் கடைசியில் போய் நின்று கேளுங்கள்.