கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து தேவையா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 29, இரண்டு பிள்ளைகள். காப்பர்-டி வைத்திருந்தும் கரு தங்கிவிட்டது. இப்போது 14 வாரம். கணவர் பிரிந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது, போனை எடுப்பதில்லை. தனியார் மருத்துவமனையில், அவர் கையெழுத்துப் போட்டால்தான் கருவைக் கலைப்போம், அதோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவரைத் தேடி அலைய வேண்டாம், சகோதரி. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண்ணின் கருவைக் கலைக்க அவருடைய சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. அந்தச் சம்மதம் 'சி' படிவத்தில் பெறப்படுகிறது. படிவத்தின் கீழ்ப்பகுதியில் பாதுகாவலருக்கென ஓர் இடம் இருக்கும். அது சிறுமியருக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் உரியதே தவிர, கணவருக்கு உரியதன்று. சட்டம் கேட்காத நிபந்தனைகளை, குடும்பத்தாரின் சம்மதம் உட்பட, மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29.9.2022 அன்று வழங்கிய தீர்ப்பில் தெளிவாகவே கூறியிருக்கிறது.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். கருத்தடைச் சாதனம் தவறியதால் உண்டான கர்ப்பம் பெண்ணின் மனநலத்துக்குக் கடுமையான பாதிப்பை விளைவிப்பதாகச் சட்டமே அனுமானித்துக்கொள்வதால், காப்பர்-டி வைத்திருந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காப்பர்-டி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். முடிவு உங்களுடையது என்றாலும், மருத்துவரின் கருத்து இன்றி இச்சட்டத்தின்படி கருவைக் கலைக்க இயலாது. இது சட்டத்தின் குறை என்றே நான் கருதுகிறேன்.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை முற்றிலும் வேறு விஷயம். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். கருக்கலைப்புக்கு அதை நிபந்தனையாக்கச் சட்டத்தில் இடமில்லை. களைத்துப்போய் நிற்கும் ஒரு பெண்ணிடம் இரண்டு காகிதங்களைச் சேர்த்து நீட்டினால் அவர் இரண்டிலும் கையெழுத்திட்டுவிடுவார் என்பதால், எந்தக் காகிதத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

நீங்கள் சென்ற மருத்துவமனையின் அனுமதிச் சான்றிதழ் எல்லோரும் காணும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். 12 வாரம் வரை மட்டுமே அனுமதி பெற்ற இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 14 வாரக் கருவைக் கலைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்பதால், நாளைக் காலையிலேயே திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குச் செல்வது நல்லது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். வீட்டில் எடுத்துக்கொள்ளும் மாத்திரை முறை 9 வாரம் வரைக்குமானது, உங்கள் நிலையில் கடும் உதிரப்போக்கில் போய் முடியலாம்.

அங்கும் கணவரைக் கேட்டால், மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். உங்கள் பெயரையோ விவரங்களையோ சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு எவரிடம் மருத்துவர் வெளியிட்டாலும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கம்பெனிக்கோ கணவர் வீட்டாருக்கோ தெரிந்துவிடுமோ என்று தயங்கி நாளைக் கடத்த வேண்டாம்.