பழைய இன்போர்டு ஸ்பீடு போட்டில் அவுட்போர்டு மாட்டலாமா? எத்தனை ஹெச்.பி. போடலாம்?

மாட்டலாம். நானே மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். (இன்போர்டு என்றால் இன்ஜின் படகுக்குள் இருப்பது, அவுட்போர்டு என்றால் மோட்டார் படகின் பின்னால் வெளியே தொங்குவது.) ஆனால் நீங்கள் ஹெச்.பி.யை முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, எடை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை. அது சரியாக அமைந்தால் 250-உம் ஓடும், 300-உம் ஓடும். அமையாவிட்டால் 450 போட்டாலும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு குதித்துக் குதித்துத்தான் போகும்.

உங்களுடையது 22 முதல் 26 அடிக்குள், ஆழமான வி வடிவ அடிப்பகுதி, உள்ளே ஒற்றை வி8, பின்பலகைக்கு (படகின் பின்பக்கச் சுவர்) வெளியே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் தொங்கும் ஸ்டெர்ன் டிரைவ் என்று எடுத்துக்கொள்கிறேன். பலரும் அதையே இன்போர்டு என்கிறார்கள். இன்ஜின் படகின் நடுவில் இருந்து, நேர் ஷாஃப்ட் அடியில் இறங்கும் நிஜமான இன்போர்டாக இருந்தால் பதில் மாறும். அதையும் கீழே சொல்கிறேன்.

என் படகும் ஏறக்குறைய இதே அளவுதான். உள்ளே 7.4 லிட்டர் பிக் பிளாக், அதாவது பெரிய வி8 இன்ஜின். சத்தம் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் உப்புத் தண்ணீரில் அந்த இன்ஜினின் எமன் புகையை வெளியேற்றும் குழாய்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும்தான். வார்ப்பிரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வரும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒருநாள் குளிர்விக்கிற தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ரைசரைக் கழற்றிப் பார்த்தபோது துரு தகடு தகடாகக் கையோடு வந்தது. டிரைவை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை (பெல்லோஸ்) கிழிந்தால் தண்ணீர் நேராக படகின் அடிவயிற்றுக்குள் (பில்ஜ்) வரும் என்கிற பயம் தனி. இன்ஜினைப் புதுப்பிக்க எத்தனை முறை வேண்டுமானாலும் நான் தயார்தான். ஆனால் கடலில் கரை தெரியாத தூரத்தில் அந்த ரப்பரை நம்பி உட்கார்ந்திருக்க இனிமேல் முடியாது என்று தோன்றிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். படகு மொத்தம் 2,000 கிலோ, எடை மையம் பின்பலகைக்கு 2.2 மீட்டர் முன்னால். பிக் பிளாக்கும் டிரைவும் சேர்ந்து 500 கிலோ, அதன் மையம் பின்பலகைக்கு 0.6 மீட்டர் முன்னால். இதைக் கழற்றிவிட்டு ஒரு 300 ஹெச்.பி. மோட்டாரைப் பிராக்கெட்டோடு (பின்பலகைக்கு வெளியே மோட்டாரைத் தாங்கும் சட்டம்) மாட்டுகிறோம். மெர்குரியின் 4.6 லிட்டர் வி8 ஃபோர்ஸ்ட்ரோக் 240 கிலோவை ஒட்டி வரும், பிராக்கெட்டுக்கு 50 வையுங்கள். ஆக 290 கிலோ, பின்பலகைக்கு ஒரு மீட்டர் வெளியே. பெருக்கிக் கூட்டிக் கழித்து வகுத்தால் புதிய எடை மையம் 2.13 மீட்டர். வெறும் 7 செ.மீ.தான் பின்னால் போயிருக்கிறது, படகும் 210 கிலோ இளைத்திருக்கிறது.

இதே இடத்தில் இரண்டு மோட்டார் போட்டுப் பாருங்கள். பிராக்கெட்டோடு 540 கிலோ என்று வைத்தால் மையம் 1.75 மீட்டருக்கு வந்துவிடும். 45 செ.மீ. பின்னால்! ஆழமான வி படகு இதைத் தாங்காது. நிற்கும்போது பின்பக்கம் அமிழ்ந்து கிடக்கும், கிளம்பும்போது அணியம் (மூக்கு) வானத்தைப் பார்க்கும், நடு வேகத்தில் தவளை மாதிரி குதிக்கும். நிஜமான இன்போர்டில் இன்ஜின் நடுவில் இருப்பதால், ஒரே ஒரு மோட்டார் மாட்டினாலும் மையம் அரை மீட்டர் அளவுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் அந்த வகைப் படகை மாற்ற வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

எனக்கு வேலை செய்து கொடுத்த மெக்கானிக் தம்பி நல்ல கைகாரன். ஆனால் "ரெண்டா மாட்டுங்கண்ணா, பார்க்கவே கெத்தா இருக்கும், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல வந்துடலாம்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது காரணத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று, இன்ஜினைக் கழற்றியதும் டிரைவ் இருந்த ஓட்டையைத் தற்காலிகமாகப் பலகை வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, படகை அமைதியான தண்ணீரில் இறக்கினோம். இரண்டு கனமான மர உத்தரங்களை இன்ஜின் உட்கார்ந்திருந்த மேடையில் போல்ட் போட்டுக் கட்டி, முனைகள் பின்பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தோம். அந்த முனைகளில் தண்ணீர்க் கேன்களைத் தொங்கவிட்டோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். ஒரு மோட்டாருக்கு உண்டான எடை ஏறியபோது, பக்கவாட்டில் சாக்பீஸால் போட்டிருந்த பழைய நீர்மட்டக் கோடு தண்ணீருக்கு மேலேயே நின்றது. இரண்டு மோட்டாரின் எடைக்குக் கேன்களைக் கூட்டியபோது கோடு முங்கியது, தளத்தின் வடிகால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏற ஆரம்பித்தது. தம்பி அதற்கப்புறம் இரட்டை மோட்டார் பேச்சை எடுக்கவில்லை. நீங்களும் மோட்டாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

மீதமிருந்த 7 செ.மீ.யையும் சரிக்கட்ட முடிந்தது. இரண்டு பேட்டரிகளையும் பின்னாலிருந்து எடுத்து மூன்று மீட்டர் முன்னால் கொண்டுபோனேன். 50 கிலோ மூன்று மீட்டர் நகர்ந்தால் மையம் 8 செ.மீ. முன்னால் வரும். கேபிள் நீளமாகிறது என்பதால் தடிமனான கேபிள் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழும்.

இனி பின்பலகை. என்னால் இன்றைக்கும் அமைதியாகப் பேச முடியாத இடம் இது. படகை வாங்கும்போது சர்வே செய்தவர் "பின்பலகை நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தாரா, ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தாரா, எனக்குத் தெரியாது. டிரைவைக் கழற்றி ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தால் உள்ளே இருந்த பிளைவுட் கறுத்துப்போயிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது, புளித்த வாடை வேறு. காரணம், யாரோ ஆழம் பார்க்கும் கருவிக்காகத் திருகிவிட்டுப் பிறகு கழற்றிப்போட்ட நான்கு திருகாணித் துளைகள். சீலன்ட் கிடையாது, எபாக்ஸி கிடையாது, மேலே கொஞ்சம் வெள்ளை பெயின்ட். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளை போடுகிறவர் அதை மூடவும் கற்றுக்கொள்ள வேண்டாமா? அந்தச் சான்றிதழை நம்பி ஒருவர் குடும்பத்தோடு கடலுக்குப் போயிருந்தால்? சர்வே என்பது வாங்குகிறவருடைய கண்ணாக இருக்க வேண்டிய வேலை. பணம் கொடுப்பது வாங்குகிறவர், ஆனால் விற்பனை நடக்க வேண்டும் என்கிற அவசரம்தான் அந்தக் காகிதத்தில் தெரிகிறது. சான்றிதழ் எழுதுகிறவர்கள் எந்தெந்த இடத்தைத் தட்டினோம், மீட்டர் என்ன காட்டியது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வரவேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டெர்ன் டிரைவும் பின்பலகையைத்தான் தள்ளுகிறது, அதனால் அது ஏற்கெனவே பலமாகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள். தள்ளும், ஆனால் தாழ்வான இடத்தில் தள்ளும். எடையில் பெரும்பகுதி உள்ளே ஸ்ட்ரிங்கர்கள் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்கள்) மேல் உட்கார்ந்திருக்கும். பிராக்கெட்டில் தொங்கும் மோட்டார் நெம்புகோல் வேலை செய்கிறது. அலையில் விழும்போது மேல் போல்ட்டுகளைப் பிடுங்கப் பார்க்கும், முழு வேகத்தில் கீழ்ப்பகுதியை உள்ளே நசுக்கப் பார்க்கும். ஆகவே ஓட்டையை மட்டும் அடைத்தால் போதாது. நான் ஊறிப்போன மரத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அழுகாத ஃபைபர் கலந்த ஃபோம் பலகை வைத்தேன். ஓட்டையின் விளிம்பைத் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, அடுக்கடுக்காக ஃபைபர் துணியை எபாக்ஸியில் ஒட்டினேன். பாலியெஸ்டர் ரெசினே போதும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், அதிலேயே நன்றாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. காய்ந்துபோன பழைய ஃபைபர்மேல் எபாக்ஸி பிடிக்கிற மாதிரி பாலியெஸ்டர் பிடிக்காது என்பதால் நான் அதில் சமரசம் செய்யவில்லை. பின்பலகையிலிருந்து ஸ்ட்ரிங்கர்களுக்கு முக்கோணத் தாங்கிகள் கட்டாயம். இடம் மிச்சமாகும் என்று ஸ்ட்ரிங்கர்களை வெட்ட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து எபாக்ஸி ஊற்றி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். இனி ஒரு சொட்டு உள்ளே போகாது.

மோட்டார் உயரத்துக்கு ஒரு பொது அளவு உண்டு. பின்பலகையைத் தாண்டியதும் தண்ணீர் மேலே எழும்பும், எனவே 10 முதல் 12 அங்குலம் பின்னால் போவதற்கு ஒரு அங்குலம் மோட்டாரை உயர்த்தலாம். அதிலிருந்து தொடங்கி, தண்ணீர் அழுத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே மேலே ஏற்றுங்கள். அழுத்தம் விழுந்தால் மோட்டாருக்குக் குளிர்நீர் போதவில்லை என்று அர்த்தம். உடனே இறக்குங்கள்.

புரொப்பெல்லருக்கு: ஆர்.பி.எம்.மை பிட்ச்சால் (ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில்) பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1,056-ஆலும் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 6,000 சுற்று, 21 பிட்ச், 1.75 கியர் என்றால் 68 மைல். தண்ணீரில் வழுக்கி வீணாகும் 10 சதவீதத்தைக் கழித்தால் 61. உங்கள் பழைய வேகத்தோடு ஒப்பிட்டு ஹெச்.பி.யை முடிவு செய்யுங்கள். 7.4 லிட்டரின் இடத்தில் 300 எனக்குத் தாராளமாகப் போதுகிறது. 450-க்கு ஆசைப்பட்டால், மெர்குரி ரேசிங்கின் 450ஆர் மட்டும் 313 கிலோ. மேலே சொன்ன கணக்கை அந்த எடையில் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

படகின் குணத்தையே கெடுத்துவிட்டாய், இப்படிப்பட்ட படகில் வி8 உள்ளேதான் இருக்க வேண்டும் என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாசம் எனக்குப் புரிகிறது. நன்னீரில் ஓட்டுகிறவர், இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் நானும் மாற்றச் சொல்ல மாட்டேன். என் படகு கிளம்பும்போது முன்பைவிட ஒரு நொடி கூடுதலாக மூக்கைத் தூக்குகிறது, டிரிம் டேப்பை (பின்பலகையின் அடியில் இறக்கி ஏற்றும் தகடு) இறக்கினால் அடங்கிவிடுகிறது. ஆழமில்லாத இடத்தில் மோட்டாரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மெதுவாகக் கரைக்கு வர முடிகிறது. நின்ற பிறகு முழு மோட்டாரும் தண்ணீருக்கு வெளியே.

ஸ்டீயரிங் கட்டாயம் ஹைட்ராலிக்காக இருக்கட்டும். பழைய எக்ஸாஸ்ட் துளைகள், கடல்நீர் வால்வு எல்லாவற்றையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஃபைபர் போட்டு மூடுங்கள். பெட்ரோல் டேங்க் உள்ளேயே இருப்பதால் காற்றோட்டக் குழாய்களை எடுத்துவிடாதீர்கள். டிரெய்லரில் எடை பின்னால் போய்விடுவதால் வண்டியின் கொக்கியில் இறங்கும் பாரம் குறையும். அச்சைப் பின்னால் நகர்த்தாமல் நெடுஞ்சாலையில் இழுத்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

உங்கள் படகின் எடை, நீளம், இப்போதைய இன்ஜின் எது, அது பின்பலகையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.