டீக்கடையில் பிட்காயின் செல்லுமா? அண்ணாச்சி பதில்கள்

போன மாதம் யுபிஐ பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதிலிருந்து வருகிற கடிதத்தில் பாதிக்கு மேல் கிரிப்டோதான், அதாவது பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் வலையில் மட்டுமே இருக்கிற பணம். சரி, இந்த வாரம் முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

அண்ணாச்சி, என் கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் "பிட்காயின் எடுத்துக்கிடுவீங்களா?" என்று கேட்கிறார்கள். கேலியா, நிஜமா என்றே தெரியவில்லை. போர்டு வைக்கலாமா?
– டீக்கடைக்காரர், வண்ணார்பேட்டை

கேலிதான் அண்ணாச்சி. கல்லாவில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டையே போதும்.

பிட்காயினில் ஒரு பரிமாற்றம் பதிவாகச் சராசரியாக 10 நிமிடம் பிடிக்கும். அதற்குள் டீ குடித்த பையன் பஸ் ஏறி ஜங்ஷன் போய்ச் சேர்ந்திருப்பான். கூட்டமான நேரத்தில் அனுப்புகிற கட்டணமே டீ விலையைப்போலப் பல மடங்கு வரும். லைட்னிங் என்று அதன் மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதில் நொடியில் போய்விடும், கட்டணமும் சில்லறைக் காசுதான், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பால்காரருக்கு நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்? அவர் வாங்க மாட்டார், அவருக்குத் தவிடு விற்கிறவரும் வாங்க மாட்டார். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் கிட்டத்தட்ட 69,000 டாலருக்குப் போனது. அடுத்த நவம்பரில் 16,000 டாலர். அந்த ஒரு வருஷம் கல்லாவில் அதைச் சேர்த்து வைத்திருந்தால் கடை வாடகைக்கே கடன் வாங்கியிருக்க வேண்டும்.

வரி வேறு இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. அந்தப் பையன் டீக்குக் கொடுத்தாலும் சட்டப்படி அது காயினை விற்ற கணக்குத்தான். ஒரு டீக்கு ஆடிட்டர் வைக்கவா முடியும்?

எல் சால்வடார் மாதிரி குட்டி நாடே பிட்காயினை நாட்டுப் பணமாக்கிவிட்டது. ஏழை நாடுகளில் நிறையப் பேருக்கு பேங்க் அக்கவுண்டே கிடையாது, போன் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கு கிரிப்டோதானே வழி? நாம் மட்டும் ஏன் பின்னாடி நிற்கிறோம்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, கேள்வி நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் கதையின் முதல் பாதியோடு எழுந்து வந்துவிட்டீர்கள்.

எல் சால்வடாரில் 2021 செப்டம்பர் 7ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கமே சீவோ என்று ஒரு வாலட் ஆப் (காயினை வைத்துக்கொள்கிற போன் பர்ஸ்) கொடுத்து, அதில் ஆளுக்கு 30 டாலர் போட்டும் தந்தது. சனங்கள் என்ன செய்தார்கள்? நம் ஊரில் இலவச மிக்ஸி கொடுத்தால் என்ன செய்வோமோ அதைத்தான். வாங்கினார்கள், 30 டாலரைச் செலவழித்தார்கள், ரொம்பப் பேர் அதற்கப்புறம் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை. கடைசியில் பன்னாட்டு நிதியம் 2024 டிசம்பரில் 140 கோடி டாலர் கடன் தர ஒத்துக்கொண்டபோது, கடைக்காரர்கள் பிட்காயினைப் பணமாக ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்கிற கட்டாயத்தை எடுக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். இப்போது அங்கே விருப்பப்பட்ட கடைக்காரர் வாங்கலாம், அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, அந்த நாட்டில் 2001லிருந்தே புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர். கையில் டாலரை வைத்திருக்கிறவன், தினமும் ஏறி இறங்குகிற காயினை எதற்குத் தேடிப் போகிறான்?

அடுத்ததாக மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் 2022இல் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரும்பாலான வீடுகளில் கரண்டே இல்லாத நாடு அது. மறு வருஷமே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இப்போது நைஜீரியாவைப் பாருங்கள், அங்கே எல்லாம் தலைகீழ். 2021 பிப்ரவரியில் மத்திய வங்கி, கிரிப்டோ பக்கமே போகக் கூடாது என்று பேங்குகளுக்கு உத்தரவு போட்டது. அதே வருஷம் அக்டோபரில் இ-நைரா என்று சொந்த டிஜிட்டல் பணத்தையும் இறக்கியது. அரசாங்கம் கொடுத்ததை ஆள் சீண்டவில்லை, தடை போட்டதை ஆளுக்கு ஆள் நேராகக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2023 டிசம்பரில் அந்த உத்தரவையும் தளர்த்த வேண்டியதாயிற்று. சனங்கள் கிரிப்டோவை விடாததற்குக் காரணம் தொழில்நுட்ப ஆசை இல்லை, நைரா என்கிற அவர்கள் நாட்டுப் பணத்தின் மதிப்பு சரிந்துகொண்டே போனதுதான். அர்ஜென்டினாவும் அப்படித்தான், 2023இல் அங்கே விலைவாசி ஒரே வருஷத்தில் 200 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சம்பளம் வாங்கின அன்றைக்கே அதை வேறு ஏதாவதாக மாற்றியாக வேண்டும், டாலர் நோட்டு வாங்கக் கட்டுப்பாடு, அதனால் போனில் கிடைக்கிற டாலரான யுஎஸ்டிடி பக்கம் போனார்கள். நன்றாகக் கவனியுங்கள், பிட்காயினைவிட அதிகமாக அவர்கள் நாடியது டாலர் விலையோடு கட்டிவைத்த ஸ்டேபிள்காயினை. ஏழ்மை வந்தால் கிரிப்டோ வரும் என்று நினைக்காதீர்கள். சொந்தப் பணம் கையில் நிற்காமல் கரைகிற இடத்தில்தான் அது வேர் பிடிக்கிறது.

பேங்க் அக்கவுண்ட் இல்லாதவர் கதைக்கும் வருகிறேன். கென்யாவில் 2007இல் எம்-பேசா வந்தது. பட்டன் போன், எஸ்எம்எஸ், தெரு முனைக் கடைக்காரரே ஏஜென்ட், பணத்தை அவரிடம் போடலாம் எடுக்கலாம். பிளாக்செயின் என்கிற, கிரிப்டோவுக்கு அடிப்படையான பொதுப் பதிவேடு எதுவும் இல்லாமல் ஊருலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. நமக்கு 2016இல் யுபிஐ வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றத்தைத் தாண்டியது, வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 3,700க்கும் மேல். லைட்னிங்கை விட்டுவிட்டால் பிட்காயினால் நொடிக்குச் சுமார் 7தான் முடியும். டவுன் ரதவீதியில் பூ விற்கிற ஆச்சியிடமே ஸ்கேன் அட்டை தொங்குகிறது, நாம் எதில் பின்னாடி நிற்கிறோம் தம்பி?

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். ரூமில் கூட இருப்பவர்கள் யுஎஸ்டிடியாக அனுப்பினால் உடனே வரும், ரேட்டும் நல்ல ரேட் என்கிறார்களாம். செய்யலாமா அண்ணாச்சி?
– வாசகி, கடையநல்லூர்

வேண்டாம் தங்கச்சி.

உலக அளவில் பார்த்தால் இந்தத் தொல்லை நிஜம்தான். 200 டாலர் ஊருக்கு அனுப்பினால் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் கட்டணத்திலும் ரேட்டிலும் போய்விடுகிறது என்று உலக வங்கிக் கணக்கு சொல்கிறது, ஆப்பிரிக்க நாடுகளுக்கு இன்னும் கூடுதல். இதை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்த இலக்கு. அந்த ஊர்க்காரர்களுக்கு ஸ்டேபிள்காயின் கைகொடுக்கிறது என்றால் நம்புவேன். ஆனால் வளைகுடாவிலிருந்து நமக்கு அனுப்பும் வழி உலகத்திலேயே மலிவான வழிகளில் ஒன்று, தெருவுக்குத் தெரு பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் போட்டி போடுகிறது.

அனுப்புவது நொடியில் முடியும். வந்த காயினை ரூபாயாக்குவதில்தான் வில்லங்கம். பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேராகக் காயினை விற்கிற முறையில், முகம் தெரியாத ஒருவன் உங்கள் அக்கவுண்டில் பணம் போடுவான். அது ஆன்லைன் மோசடியில் யாரிடமோ அடித்த பணமாக இருந்து, அந்த ஆள் எங்கோ வடக்கே புகார் கொடுத்தால், சைபர் கிரைம் போலீஸ் உங்கள் அக்கவுண்டை முடக்கச் சொல்லும். நோன்புப் பெருநாளுக்கு வைத்திருந்த பணமும் சேர்ந்து உள்ளே மாட்டும். நீங்கள் போன் நம்பரைத் தேடி, வக்கீலைத் தேடி அலைய வேண்டும். வேகமாக வருகிறதே என்று இதை வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

சொந்தக்காரர் ஒருவர் புதுக் காயின் ஒன்றில் பணம் போடச் சொல்கிறார். மாதம் 10 சதவீதம் வருமாம், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கூடுதல் கமிஷன். மண்டபத்தில் மீட்டிங் வைத்து பிரியாணி போட்டார்கள். போடலாமா?
– வாசகி, வீரவநல்லூர்

பிரியாணி சாப்பிட்டாயிற்று அல்லவா, அத்தோடு விட்டுவிடுங்கள். அடுத்த மீட்டிங்கில் அல்வாதான்.

ரிசர்வ் வங்கி விடுகிற டிஜிட்டல் ரூபாயும் கிரிப்டோதானா? யுபிஐ இருக்கும்போது அது எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

இல்லை சார். அது நம் ரூபாய் நோட்டின் போன் வடிவம், பொறுப்பு ரிசர்வ் வங்கியுடையது, விலை ஏறாது இறங்காது. பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. எதற்கு என்று நானும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 2024 பிப்ரவரியில் நெட் இல்லாமலும் செலுத்துகிற வசதி வரும் என்று அறிவித்தார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆடி அமாவாசைக்கு நீங்கள் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் சிக்னல் தேடி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைக்காரர் முறைக்க, கடைசியில் வேட்டி மடிப்பில் பத்து ரூபாய் தேடியிருப்பீர்கள். அங்கே உதவினால் எங்கேயும் உதவும்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்களிடம் கிரிப்டோ இருக்கிறதா இல்லையா?
– வாசகர், பேட்டை

இருக்கிறது என்றும் சொல்லலாம். 2021இல் தம்பி மகன் பேச்சைக் கேட்டு 2,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கினேன். காயின் வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சில் வைத்தால் ஆபத்து பெரியப்பா என்று அவனே தனி வாலட்டுக்கு மாற்றிக் கொடுத்து, 12 ஆங்கில வார்த்தைகளை எழுதி வைக்கச் சொன்னான், அதுதான் சாவியாம், தொலைத்தால் பேங்க் மேனேஜர் மாதிரி யாரும் எடுத்துத் தர மாட்டார்கள் என்றும் சொன்னான். நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். வீட்டுக்காரி மறுநாள் வழக்கம்போல அந்தத் தாளைக் கிழித்து, அதில் திருநீறு மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் போனும் போய்விட்டது. 12 வார்த்தையில் எனக்கு இன்னும் ஞாபகம் இருப்பது மூன்று.