பழுதுள்ள பழைய வீடு: என்ன விலை கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: நாங்கள் பார்த்திருக்கும் வீடு கட்டி 50 வருடத்துக்கு மேல் ஆகிறது. இடமும் அமைப்பும் எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் மேல்தளத்தில் இரண்டு இடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பின்பக்கச் சுவரில் விரிசல் இருக்கிறது. வயரிங் முழுக்கப் பழசு. அதே தெருவில் நல்ல நிலையில் இருக்கும் வீட்டைவிடக் கொஞ்சம்தான் விலை குறைத்துச் சொல்கிறார்கள். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருகிறார்" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். எத்தனை சதவீதம் குறைத்துக் கேட்கலாம்? ரொம்பக் குறைத்தால் வீட்டுக்காரர் மனம் நோகாதா?

பதில்: சதவீதக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரே வயதுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு வெள்ளையடித்தால் போதும், இன்னொன்றுக்கு மேல்தளத்தையே இடித்துப் போட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சதவீதத்தை யார் சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எல்லாப் பழுதும் பார்த்து முடித்த பிறகு இந்த வீடு என்ன விலைக்குப் போகும்? அக்கம்பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய, இதே அளவுள்ள, நல்ல நிலையில் இருந்த வீடுகளின் விலையைப் பார்த்தால் தெரியும். சொன்ன விலையைப் பார்க்காதீர்கள், முடிந்த விலையைப் பாருங்கள். அதை 100 என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்க 24 ஆகும் என்று மதிப்பீடு வருகிறது. சுவரை உடைத்த பிறகுதான் தெரியப்போகும் செலவுக்கென்று அதில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 5. வேலை நடக்கும் மாதங்களில் நீங்கள் வேறு இடத்தில் தங்கும் வாடகை, கடன் வட்டி, இன்ஜினியர் கட்டணம், அனுமதிச் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 5. மீதி 66.

ஆனால் 66 கொடுத்து வாங்கினால், ஒரு வருடம் தூசியிலும் அலைச்சலிலும் கழித்துவிட்டுக் கடைசியில் 100 செலவழித்திருப்பீர்கள். அந்த 100-க்கு, பழுதில்லாத வீட்டில் முதல் நாளே குடிபோயிருக்கலாம். அதனால் உங்கள் உழைப்புக்கும் ஆபத்துக்கும் கொஞ்சம் கழித்து, 62-ஐ உச்சவரம்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் கேட்பது 57, 58. உச்சவரம்பை ஒரு தாளில் எழுதி வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு பேசப் போங்கள். பேச்சு சூடு பிடிக்கும்போது "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஏறிக்கொண்டே போவது ரொம்ப சுலபம்.

இந்தக் கணக்கு முழுவதும் அந்த 24-ஐ நம்பித்தான் நிற்கிறது. அதை நீங்களோ தரகரோ கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டமைப்பு பார்க்கும் இன்ஜினியர் ஒருவரை, உங்கள் செலவில், உங்களுக்காக மட்டும் கூட்டிப் போங்கள். அவர் எழுதித் தரும் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மேஸ்திரிகளிடம் தனித்தனியாக மதிப்பீடு வாங்குங்கள். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம், எதைக் கணக்கில் விட்டார் என்று கேளுங்கள். இன்ஜினியர் பார்க்காத வீடாக இருந்தால், எதிர்பாராத செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதாது. நானாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்குவேன்.

தரகர் சொல்லும் அந்த இன்னொரு பார்ட்டி நிஜமாகவே இருக்கலாம். இருந்தாலும் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். கம்பி வெளியே தெரிகிற வீட்டைச் சோதிக்காமல் வாங்க ஒருவர் தயாராக இருந்தால், அவரோடு போட்டி போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

மனம் நோகும் விஷயத்துக்கு வருகிறேன். காரணம் சொல்லாமல் அடிமாட்டு விலை கேட்டால் யாருக்கும் நோகும். அவர்கள் பிறந்து வளர்ந்த வீடாக இருக்கலாம், அப்பா அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியதாக இருக்கலாம். அவர்கள் எதிரில் நின்று "இதெல்லாம் உதவாது" என்று சுவரைத் தட்டிக் காட்டாதீர்கள். "வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, இங்கேதான் குடியிருக்கப் போகிறோம். இன்ஜினியர் தந்த பட்டியல் இது, மூன்று பேர் தந்த மதிப்பீடு இது, இதைக் கழித்தால் எங்களால் இவ்வளவு தர முடிகிறது" என்று தாளோடு போய் உட்காருங்கள். விலையை ஏற்காதவர்கள்கூட அந்தத் தாளை எடுத்துப் படிப்பார்கள்.

கேள்வி: எந்தப் பழுதைப் பார்த்தால் விலை பேசலாம், எதைப் பார்த்தால் விலகிவிட வேண்டும்? எங்களுக்குக் கட்டட வேலை தெரியாது.

பதில்: கட்டட வேலை தெரியாவிட்டாலும், இன்ஜினியரைக் கூப்பிடும் முன் நீங்களே நிறையப் பார்த்துவிடலாம்.

கம்பி தெரிகிற மேல்தளத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருடக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அப்புறம் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில்தான் கீழே இருக்கும் கான்கிரீட் வெடித்து விழுகிறது. ஆகவே வெடித்த இரண்டு இடத்தில் சிமென்ட் பூசுவது வைத்தியம் ஆகாது. பக்கத்தில் இன்னும் விழாத இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பிரிந்திருந்தால் பொக்கென்று சத்தம் வரும். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசல் தெளித்தும் பார்ப்பார்கள். காரம் மிச்சமிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், நிறம் மாறாத இடத்தில் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரைக்கும் எட்டியிருந்தால், தளத்தில் பெரிய வேலை இருக்கிறது. ஓர் அறையோடு நின்றால் விலை பேசலாம். எல்லா அறையிலும் பீம், தூண் வரைக்கும் போயிருந்தால், உங்களுக்கு விற்கப்படுவது மனை மட்டும்தான். அப்போது மனை விலையிலிருந்து இடிக்கும் செலவைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

விரிசலில் எல்லாம் பயப்பட வேண்டியதில்லை. தலைமுடி போல மெல்லியதாகப் பூச்சில் மட்டும் ஓடுவது வெறும் பூச்சு வேலை. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகவோ, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு போலவோ ஏறினால், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கக்கூடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள விரிசலுக்குக் காரணம் தெரியாமல் விலை சொல்லாதீர்கள். அங்கே கதவு சரியாக மூடுகிறதா என்றும் பாருங்கள். விரிசல் பழையதா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். முன்பு யாரோ அடைத்த இடமே மறுபடி பிளந்திருந்தால் அது நிற்கவில்லை என்று அர்த்தம். காரணம் உடைந்த குழாயிலிருந்து கசியும் தண்ணீர் என்றால் சரிசெய்துவிடலாம். மண்ணே சரியில்லை என்றால், இன்ஜினியர் செலவை எழுத்தில் தரும் வரை ஒதுங்கி நில்லுங்கள்.

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தரையிலிருந்து ஏறுவது பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, உப்புப் பூத்திருக்கும். மேலே இருந்தால் கூரைக் கசிவு, சுவர் நடுவில் திட்டாக இருந்தால் குழாய். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்கள். மர உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால், உளுத்த மரம் உள்ளே வாங்கும். கரையான் மண்கோடுகளும் அங்கேதான் இருக்கும்.

வயரிங்கை முழுதாக மாற்றுவது என்றே கணக்கில் எழுதிவிடுங்கள். எர்த் கம்பியே இல்லாத, உறை நொறுங்கும் வயரைத் துண்டு துண்டாக ஒட்டுப்போடுவதில் எனக்குச் சம்மதமில்லை, அது உயிர் சம்பந்தப்பட்டது. தண்ணீர்க் குழாய் ஜி.ஐ. குழாயாக, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாக இருந்தால் உள்ளே துரு அடைத்து வழி குறுகியிருக்கும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். சுரண்டினால் பளபளக்கும் மெத்தென்ற சாம்பல்நிறக் குழாய் என்றால் ஈயம், அதை மாற்றியே ஆக வேண்டும். கூரையிலோ தடுப்பிலோ ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும். அதைப் பாதுகாப்பாக அகற்றத் தனிச் செலவு இருக்கிறது.

இன்னொன்று, கழிவுநீர்க் குழாய். நான் வாங்கிய முதல் வீட்டில் இதைப் பார்க்காமல் விட்டேன். குடிபோன மூன்றாம் மாதம் அடைத்துக்கொண்டது. மரத்தின் வேர் குழாய்க்குள் போயிருந்தது, சமையலறைத் தரையைத் தோண்டித்தான் மாற்ற முடிந்தது. சின்ன கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய மரம் பக்கத்தில் நிற்கும் வீடு என்றால் அவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

கேள்வி: "இருக்கிற நிலையில்தான் விற்கிறோம், பழுதுக்கென்று ஏற்கெனவே விலையைக் குறைத்துவிட்டோம்" என்கிறார்கள். இனி எப்படிப் பேசுவது?

பதில்: இருக்கிற நிலையில் என்றால், விற்கும் முன் அவர்கள் பழுது பார்த்துத் தரமாட்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் சோதிக்கக் கூடாது என்றோ, விலை பேசக் கூடாது என்றோ ஆகாது. "எந்தப் பழுதுக்காகக் குறைத்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்ததை, பெயின்ட், பெயர்ந்த காரை இவற்றைத்தான் கணக்கில் எடுத்திருப்பார்கள். உங்கள் பட்டியலில் அவற்றைத் தனியாகக் குறித்துவிட்டு, மீதிக்கு மட்டும் குறைத்துக் கேளுங்கள். இன்ஜினியரை உள்ளே விடவே மறுத்தால் அதற்கு மேல் பேச வேண்டாம். வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: அட்வான்ஸ் கொடுத்து முதலில் வீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? கடன் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

பதில்: நிபந்தனை எழுதாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தொகை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, நிபந்தனையில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். குறிப்பிட்ட தேதிக்குள் சோதனை முடிப்போம், பட்டியலில் இல்லாத பெரிய பழுது தெரிந்தால் விலையை மறுபடி பேசுவோம் அல்லது அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகுவோம் என்று எழுத வேண்டும். கடன் கிடைக்காவிட்டாலும், பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலும் பணம் திரும்ப வர வேண்டும். பல வாரிசுகள் இருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு கட்டிய பின்னாளில் சேர்த்துக் கட்டிய அறை இருந்தால் அதற்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த அறையைப் பரப்பளவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாசகத்தை உங்கள் வக்கீல் எழுதட்டும், தரகர் தரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடனைப் பொறுத்தவரை, வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு, நீங்கள் ஒப்புக்கொண்ட விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி பொதுவாகக் கணக்கில் எடுக்கும். அவர் குறைத்து மதிப்பிட்டால் வித்தியாசத்தை நீங்கள்தான் கையிலிருந்து போட வேண்டும். பழுதுச் செலவு வீட்டுக் கடனில் தானாகச் சேராது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். கையிருப்பை எல்லாம் வீட்டு விலையிலேயே கொட்டிவிட்டு, மேல்தளம் ஒழுகும் வீட்டில் பணமில்லாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டாளர் அறிக்கை குறைவாக வந்தால் அதையும் விற்பவரிடம் காட்டுங்கள். வேறு யார் கடன் போட்டு வாங்க வந்தாலும் இதே சிக்கல் வரலாம் என்பது அவர்களுக்கும் புரியும்.

கேள்வி: எல்லாம் செய்து, 62 வரைக்கும் போயும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால்?

பதில்: தொகை, நிபந்தனைகள், அது எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதி, பழுதுப் பட்டியலின் நகலோடு கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். வேறு வீடுகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரிய வேலை இருக்கும் வீடு சீக்கிரம் கைமாறுவதில்லை. ஆறு வாரம் கழித்து அது இன்னும் விற்காமல் இருந்தால் நீங்களே ஒரு போன் செய்து, அதே தொகை, அதே நிபந்தனை, இன்னும் தயாராக இருக்கிறோம் என்று சொல்லுங்கள். நடுவில் ஒரு மழைக்காலம் போயிருந்தால் மட்டும், விலை சொல்லும் முன் மேல்தளத்தை இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.