புது எக்ஸ்பல்ஸை மலைப்பாதையில் இறக்கும் முன்

புதிதாக ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த வாரமே கரடுமுரடான பாதையில் விரட்டலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சக்கரம். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டுமே ஸ்போக்ஸ் கம்பி. புதுக் கம்பிகள் முதல் சில சவாரிகளில் படிந்து தளரும். சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இறுக்கம். மந்தமாக ஒலித்தால் தளர்வு. தளர்ந்ததை இறுக்கும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள், சக்கரம் கோணிவிடும். என் முதல் வண்டியில் இதைக் கவனிக்காமல் விட்டுக் கம்பி முறிந்தது; அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது செயின். நின்ற நிலையில் சரியாகத் தோன்றும் செயின், சஸ்பென்ஷன் அமுங்கும்போது விறைக்கும். எஞ்சின் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் அது மிக இறுக்கமாக இருக்கும். அப்போதும் சிறிது தொய்வு மிஞ்ச வேண்டும். கையேட்டில் உள்ள தொய்வு அளவைக் குறைக்காதீர்கள்.

ஹேண்டில்பார் பேரிங்கில் போதிய கிரீஸ் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரேக், கிளட்ச் லீவர் பிடிப்புகளைச் சற்றே இளக்கி வையுங்கள். விழுந்தால் லீவர் முறியாமல் சுழன்றுகொள்ளும். முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்: புது எஞ்சினின் உலோகத் துகள்கள் அதில்தான் சேர்ந்திருக்கும்.